பல்லடத்தில் கடல் வாசம்

இல்லை, கதவைத் தட்டிவிட்டு ஓடியது நங்கைதான், பூபதியாக இருந்தால் படியில் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும், நங்கை வெறுங்காலோடு ஏறுவாள், வெறுங்காலோடு இறங்குவாள், தெருவுக்கே கேட்கிற தொண்டையை வைத்துக்கொண்டு காலை மட்டும் பூனையிடம் கடன் வாங்கியவள்... மோகனப்பிரியா கதவைத் திறந்தபோது படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு முந்தானை மறைந்தது, அவ்வளவுதான். முக்காலியில் தட்டு, நாலு இட்லி, கொத்தமல்லிச் சட்னி. தட்டு புதிது, இந்த மாடி அறைக்கென்றே வாங்கியது, எல்லாம் முடிந்த பிறகு இதை என்ன செய்வார்கள், கழுவிக் கீழே அடுக்குவார்களா, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவார்களா, தட்டை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும், தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கழுத்தில் தையல் போட்ட இடம் இன்னும் இழுத்தது. புற்றுக்கட்டியோடு சேர்த்துத் தைராய்டையே எடுத்தாகிவிட்டது, எங்காவது ஒளிந்திருக்கும் மிச்சம் மீதியைக் கொல்லத்தான் அந்தக் கதிரியக்க அயோடின், ஒரே ஒரு மாத்திரை, விழுங்கும்போது ருசிகூடத் தெரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள்தான் இந்த வீட்டில் கதிர் வீசும் பொருள்.

ஒரு வாரம் தள்ளி இருங்க, தனி ரூம், தனி பாத்ரூம், தண்ணி நிறையக் குடிங்க, எலுமிச்சை மிட்டாய் சப்புங்க, குழந்தையைத் தூக்காதீங்க என்று டாக்டர் சொன்னது வாஸ்தவம். ஆனால் எட்ட நின்று பேசலாம் என்றும் அவர்தானே சொன்னார், அது மட்டும் யார் காதிலும் விழவில்லையா? கணவன் பூபதி வருகிறான், வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், ஏதாவது வேணுமா என்கிறான், வேண்டாமுங்க என்கிறாள், தறிக்குடோனில் ஆள் வரவில்லை என்று இறங்கிவிடுகிறான். தறிக்குடோனில் என்றைக்குத்தான் ஆள் ஒழுங்காக வந்தது... அவன் முகத்தைவிட அவன் கால்களைத்தான் அவள் இந்த வாரம் அதிகம் பார்த்தாள், நிலைப்படியைத் தாண்டாத கால்கள். கணவனின் அக்காவான நங்கையோ அதுகூட இல்லை. ஆபரேஷன் சமயத்தில் உதவிக்கென்று அவிநாசியிலிருந்து வந்தவள் அடுப்படியையே எடுத்துக்கொண்டாள், மகள் சம்யுவும் அவளோடுதான் தூங்குகிறாள், இப்படியே போனால் பூபதிக்கு வேறு பெண்கூடப் பார்த்துவிடுவாளோ என்று ஒரு மத்தியானம் நினைத்தாள், நினைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுபடியும் நினைத்தாள்.

நாளைக்கு ஸ்கேன். மருந்து உடம்பில் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று படத்தில் தெரியுமாம், அது சரியாக இருந்தால் போதும், பெண்ணை மடியில் போட்டுக்கொள்ளலாம், பிழைத்துக்கொண்டேன் என்று உரக்கச் சொல்லலாம். ஜன்னலுக்குக் கீழே சம்யு குரல் கொடுத்தாள், பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள், பள்ளிக்கூடம் இன்று லீவு போல. "அம்மா, அத்தை பச்சைப் பொடி கலக்கிக் குடுத்தாங்க, நான் குடிக்கவே மாட்டேன்னேன், மூக்கைப் புடிச்சு ஊத்திப்போட்டாங்க." என்ன பொடி கண்ணு? "ரேடியேசன் புடிக்காம இருக்கறதுக்காமா. உங்ககிட்ட இருந்து வருதில்ல, அதுக்கு." ...உங்ககிட்ட இருந்து வருதில்ல. குழந்தை அதைச் சொன்ன விதத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, மழை வருதில்ல என்பது மாதிரி சொன்னாள். அப்பா? என்று கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டாள். "அப்பாவும் குடிச்சாரு. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

கேட்டு வாங்கிக் குடித்தானா. பாகற்காயைத் தொடாதவன், கஷாயம் என்றால் கோயமுத்தூர் வரைக்கும் ஓடுகிறவன், இன்னொரு டம்ளர் கேட்டு... ஆக, கீழே ஒரு குடும்பமே அவளிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது, காலையில் நெல்லிக்காய்ச் சாறு, சாயங்காலம் மஞ்சள் பால், நடுவில் பச்சைப் பொடி. அந்த அவிநாசி இயற்கை மருத்துவ வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நங்கையின் போனில் ஓயாமல் வீடியோ, துளசி எந்தக் கதிரைத் தடுக்கும், பீட்ரூட் எதைக் கழுவும், செல்போன் டவருக்கு என்ன சாப்பிட வேண்டும்... டவருக்குச் சொன்னதைத் தம்பி பொண்டாட்டிக்கும் சேர்த்துக்கொண்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது, தட்டைத் தள்ளிவைத்தாள். அப்போதுதான் கீழே யாரோ சுடுதண்ணீரில் அந்தப் பொடியைக் கரைத்திருக்க வேண்டும், ஜன்னல் வழியாக வாசம் ஏறி வந்தது, மீன் வாசம், இல்லை, மீனும் இல்லை, ஈரப்பாறை மாதிரி, உப்பு மாதிரி... கடல். பல்லடத்தில் எங்கே கடல்? கறிக்கோழி வண்டி போனால் ஒரு வாசம் வரும், தறிக்குடோனிலிருந்து பஞ்சு வாசம் வரும், கடல் வர வழியே இல்லை. ஆனால் இந்த வாசம் அவளுக்குத் தெரியும். திருச்செந்தூரில் சம்யுவுக்கு மொட்டை போட்டபோதா? அது மூக்கில் பட்டது. இது மூக்கில் அல்ல, நாக்கில் இருக்கிறது, தின்ற வாசம்... எப்போது தின்றேன்?

புட்டு.

ராகிப் புட்டு. மாத்திரைக்கு முந்திய அந்த வாரங்கள்... பால் கூடாது, முட்டை கூடாது, பாக்கெட் உப்பு கூடாது, கடலிலிருந்து வரும் எதுவும் கூடவே கூடாது. தைராய்டு செல்லுக்கு அயோடின்தாம்மா சோறு, அதைப் பட்டினி போட்டாத்தான் நாம குடுக்கற மருந்தை ஆவலா விழுங்கும், விழுங்கினாத்தான் சாகும், வயிறு நெறஞ்சிருந்தா தொட்டுக்கூடப் பார்க்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். நங்கை இந்துப்பு வாங்கிவந்து தனிச்சட்டியில் சமைத்தாள், தினமும் காலையில் அவளுக்கு மட்டும் புட்டு, தேங்காய், நாட்டுச்சர்க்கரை. என்னங்க நங்கை ஒரு மாதிரி வாசம் என்று ஒருநாள் கேட்டாள். புது மாவு கண்ணு, அப்படித்தான் இருக்கும், சாப்புடு என்றாள். சாப்பிட்டாள். எல்லோரும் ஆஸ்பத்திரிப் பேச்சையே பேசிக்கொண்டிருந்த நாட்களில் எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு, இன்னொரு வாய் என்று கெஞ்சியவள் இந்த நங்கை ஒருத்திதான்... இல்லை, இது என் புத்தி, எதைக் கண்டாலும் சந்தேகம், தட்டைச் சந்தேகப்பட்டாய், காலைச் சந்தேகப்பட்டாய், இப்போது புட்டா? ராகியே பழசாக இருந்திருக்கும். இருக்கும். இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள், நங்கை, சித்தெ மேல வாங்க.

வெறுங்கால்கள் ஏறி வந்தன. நிலைப்படியில் நிற்கும் என்று எதிர்பார்த்தாள், நிற்கவில்லை. நங்கை நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, இட்லி அப்பிடியே கெடக்குதேம்மா என்றாள். மோகனப்பிரியாதான் சுவரோரம் தள்ளி நின்றாள். தள்ளி இருங்க நங்கை, இன்னைக்கு வரைக்கும் ஆவாதுங்க என்றாள், பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அந்தப் பச்சைப் பொடி எனக்கு மட்டும் இல்லைங்களா என்று கேட்டாள். "உனக்கெதுக்கு கண்ணு இப்ப?" நங்கையின் முகம் மலர்ந்தது, இத்தனை நாள் அடக்கிவைத்தது உடைந்துகொண்டு வந்தது. "உனக்குத்தான் அப்பவே குடுத்துப்போட்டனே. புட்டுல. தம்பிக்குத் தெரிஞ்சா ஏசுவான்னுதான் வாயைத் தொறக்கல, உன்ற மூஞ்சியைப் பாத்தா சொல்லிப்போடுவேன்னுதான் தட்டை வெச்சுப்போட்டு ஓடறது. கடல்பாசி கண்ணு. ஒடம்புல அது மொதல்லயே நெறஞ்சிருந்தா ரேடியேசன் உள்ளயே போவாதாமா, வகுப்புல சொன்னாங்க."

கடல் சாமான் ஆவாதுன்னு டாக்டர் சொன்னாருங்களே என்றாள் மோகனப்பிரியா. "அவரு மீனையும் கருவாட்டையும் சொன்னாரு. இது செடிதானே? சுத்த சைவம். நான் விசாரிச்சுப்போட்டுத்தான் வாங்குனேன்." ஒவ்வொரு நாளும் கலந்தீங்களா நங்கை? "ஒருநாளும் உடலியே. நீ ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்குக்கூட. உன்ற ஒடம்புக்குள்ள வெஷத்தை ஊத்தறேங்கறாங்க, பாத்துக்கிட்டு எப்பிடி சும்மா இருக்கறது? என்ற ஊட்டுக்காரரு இப்பிடிப் படுத்துப் போய்ச்சேந்தப்பத்தான் ஒண்ணும் செய்யத் தெரியாம உட்டுப்போட்டேன்." சொல்லிக்கொண்டே எழுந்து வந்து அவள் கழுத்துத் தழும்பின் மேல் கையை வைத்தாள். இந்த வாரம் முழுக்க அவளை யாரும் தொடவில்லை. சூடான கை, கொத்தமல்லி வாசமும் அதற்கு அடியில் அந்தக் கடலும்... முதலில் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாமல், எனக்காகவும் ஒருத்தி பயந்திருக்கிறாள் என்று. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வயிறு நெறஞ்சிருந்தா தொட்டுக்கூடப் பார்க்காது. அப்படியென்றால் ஒளிந்திருந்த செல்கள் பாசியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மருந்தைத் தொடாமல் இன்னும்... நாளைக்கு டாக்டர் கேட்பார், டயட்டெல்லாம் ஒழுங்கா இருந்தீங்களாம்மா என்று. பூபதி பக்கத்தில் நிற்பான். என்ன சொல்வது? சொன்னால் இந்த மனுஷி இந்த வீட்டுப் படியை மறுபடி மிதிப்பாளா, சொல்லாவிட்டால் நான்...

கீழே சம்யு, அம்மா நாளைக்கு நீங்க எறங்கி வந்துருவீங்கல்ல என்று கத்தினாள். வந்துருவாங்க கண்ணு என்று நங்கைதான் பதில் சொன்னாள். இந்த வீட்டில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அந்தப் புட்டை மட்டும்தான் முழுசாக நம்பினேன் என்று மோகனப்பிரியா நினைத்தாள், நினைத்துக்கொண்டே, கழுத்தின் மேலிருந்த அந்தக் கையை எடுக்கச் சொல்ல வாய் வராமல் நின்றாள்.