நான்காவது சொல்

மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. ஈர மண்ணும் கசங்கிய புல்லும் வியர்வையும் வலித்தைலமும் ஒன்றாக ஊறிய வாசனை. கடைக்கு வந்திருந்த வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பார்கள். அவள் மட்டும் மூட்டைக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து நின்றாள். பதினோரு வருடங்களாக அவளுடைய சலவைக்கடைக்கு ஓட்டல் மேஜைவிரிப்பும் ஆஸ்பத்திரிப் போர்வையும் பள்ளிச் சீருடையும்தான் வந்துகொண்டிருந்தன. ரக்பி சட்டை வரவில்லை. சட்டை வர கிளப் இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் விரித்தாள். யாருடையது என்று பார்க்க அவளுக்கு முதுகிலுள்ள எண் தேவைப்படுவதில்லை. முன்வரிசைக்காரர்களின் சட்டை தோளில் நைந்திருக்கும். ஓரத்தில் ஓடுகிறவர்களின் சட்டையில் புல் பச்சை முழங்கை வரைதான் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது, துவைக்கப் போடுவதே வெட்கம் என்பதுபோல் மடிப்புக் கலையாமல் வரும். இரண்டாம் வரிசைக்காரர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் இடுப்பில் அடையாளம் இருக்கும். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலைகுனிந்து முட்டிக்கொள்ளும் ஸ்க்ரத்தில் அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். முன்னால் இருப்பவர்களின் இடுப்புகளுக்கு நடுவே தலையைச் செருகி, ஒருவர் முதுகைச் சுற்றி ஒருவர் கைபோட்டு, மறுபக்க இடுப்புத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நாலாம் எண்ணுக்கு இடப்பக்கத் தையலும் ஐந்தாம் எண்ணுக்கு வலப்பக்கத் தையலும் விட்டுப்போகும். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் அந்த இரண்டு தையலையும் அவள்தான் போட்டாள். நாலு அண்ணன். ஐந்து அவள் கணவன்.

இப்போது ஐந்தாம் எண்ணைத் திருப்பி வலப்பக்கத் தையலை விரலால் தடவினாள். ஒரு நூல்கூட இழுபடவில்லை.

"என்ன பாக்குற?" என்றான் கணவன், கதவருகே பூட்ஸைத் தட்டியபடி. பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, பயிற்சிக்குப் போய்விட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்திருந்தான்.

"பக்கத்துல நிக்கிற பையன் உங்கள ரொம்ப மரியாதையாப் பிடிக்கிறான் போல."

"நெட்டையனா? அவன் என்னை 'அங்கிள்'ங்கிறான். அங்கிள், கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமாங்கிறான். அப்படிக் கேட்டா என்ன சொல்றது? பிடிச்சுக்கப்பான்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கும்போதே, நாலாம் எண் சட்டை இப்போது அந்த நெட்டையனுடையது என்பதும், அண்ணனுடையது மூட்டையின் அடியில் கிடக்கும் பத்தொன்பது என்பதும் நினைவுக்கு வந்தன.

ஊரில் அண்ணனையும் அவள் கணவனையும் 'ரெட்டைக் கதவு' என்பார்கள். சாத்திவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது. கிளப் மேல் பிரிவுக்கு ஏறப்போகிறது என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடம், நகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து அவள் கணவனுக்கு மட்டும் அழைப்பு வந்தது. கல்யாணமாகி ஆறு மாதம். வாடகை வீடு. போகாமல் எப்படி இருப்பது? அவளும்தான் பெட்டி கட்டினாள். அண்ணன் பேருந்து நிலையத்துக்கு வந்தான், ஆனால் அவள் கணவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளிடம்தான் சொன்னான். "கதவைக் கழட்டிக்கிட்டுப் போறான் பாப்பா உன் புருஷன். இனிமே நான் கையை எங்க வைக்கிறது?"

அந்த வருடம் கிளப் மேலே ஏறவில்லை. கீழே இறங்கியது. அடுத்த வருடம் இன்னும் கீழே. அதற்கடுத்த வருடம் ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் சேரவில்லை. முழங்கால் போய் அவள் கணவன் ஊர் திரும்பியபோது மைதானத்துக் கம்பங்களில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அண்ணனின் டயர் கடை மைதானத்துக்கு நேர் எதிரே. அன்றிலிருந்து அண்ணன் அவளிடம் மட்டும் பேசினான். வாரம் ஒருமுறை கிரீஸ் படிந்த மேலங்கிகளைக் கொண்டுவந்து கடைவாசலில் நின்று நீட்டுவான், அவள் கணவன் பேருந்து ஓட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. பைகளை அவள் துழாவினால் டியூப் மூடிகள் இரண்டு மூன்று கிடைக்கும். கடைக்குப் பின்னால்தான் வீடு. "உள்ள வாயேன் அண்ணா" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். "செருப்பெல்லாம் கிரீஸு" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வான்.

கிளப்பைத் திரும்ப எழுப்புகிறேன் என்று உடற்பயிற்சி மாஸ்டர் கிளம்பியபோது ஊர் சிரித்தது. பள்ளி முடித்த பத்துப் பையன்களும் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேரும்தான் அவருடைய படை. பல் முளைக்காததும் பல் விழுந்ததும் சேர்ந்து கடிக்கப் போகிறதாம் என்று முடிவெட்டும் கடையில் பேசினார்கள். மாஸ்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. சலவைக்கடைக்கு வந்து, அயர்ன் பெட்டியின் சூட்டுக்குத் தள்ளி நின்று, விஷயத்துக்கு வந்தார்.

"பையனுங்க ஓடுவானுங்கம்மா. ஓடுறதுக்கு எனக்கு ஆள் இருக்கு. விழாம நிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. உங்க வீட்டுக்காரர் சரின்னுட்டார். உங்க அண்ணன்கிட்ட நான் போனா ஸ்பேனரைத் தூக்குவார்."

அவள் போனாள். அண்ணன் ஒரு லாரி டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"அவனும் வர்றானா?"

"வர்றார்."

"முழங்கால்?"

"இருக்கு. ரெண்டும் ரெண்டு இடத்துல இருக்கு."

அண்ணனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறான் என்று அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டான். தெருவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டரின் பையன்கள் மைதானத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதையே பார்த்தபடி சொன்னான்.

"வர்றேன்னு சொல்லு. ஆனா ஒண்ணு. அவன்கூட ஒரே ஸ்க்ரம்ல நிக்க மாட்டேன். வெளிய உக்காருன்னா உக்காந்துக்கிறேன்."

மாஸ்டர் ஒத்துக்கொண்டார். பயிற்சியில் இருவரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தார். இருவர் பக்கத்திலும் பையன்கள். அவளுக்கு அது போதவில்லை. ஆனால் ஒரே மூட்டையில் இரண்டு பேர் சட்டையும் வருகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இயந்திரத்தில் போடும்போது இரண்டையும் ஒன்றாகவே போட்டாள். சட்டைகளாவது பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்து, பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். வயது என்ன, புத்தி என்ன.

பழைய ஆட்களுக்குப் பெரிய தொல்லை ஆட்டத்தின் விதிகள் மாறியிருந்தது. அந்தக் காலத்தில் ஸ்க்ரத்துக்கு நடுவர் நாலு சொல் சொல்வார். குனி. தொடு. நில். மோது. நாலாவது சொல்லில்தான் பலம் முழுவதும் போகும். இப்போது மூன்றே சொல். குனி, பிடி, இறங்கு. மூன்றாவதிலேயே மோதிவிட வேண்டும். அவள் கணவன் பேருந்திலேயே அதை மனப்பாடம் செய்தான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "குனி, பிடி, இறங்கு" என்பான். பள்ளிக் குழந்தைகள் அதைப் பாட்டாகப் பிடித்துக்கொண்டு, இறங்கு என்றதும் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்க எழுந்துவிட்டார்கள் என்று ஒரு தாய் வந்து புகார் சொன்னாள். எப்படியோ கற்றுக்கொண்டான். அண்ணனும் கற்றுக்கொண்டான் என்று மாஸ்டர் சொன்னார். இரண்டு பேரும் ஒருமுறைகூடப் பிசகவில்லையாம்.

முதல் ஆட்டத்தன்று மைதானம் நிறைந்தது. சிரிக்க வந்தவர்கள் பாதி. கடையைப் பூட்டிவிட்டு, துவைத்த துண்டுக் கூடையோடு அவள் கோட்டோரமாக நின்றாள். சலவைக்காரி அங்கே நிற்கலாம், அது பழைய வழக்கம். பையன்கள் உண்மையாகவே ஓடினார்கள். எல்லாரும் 'குருவி' என்று கூப்பிடும் ஒரு பொடியன் எதிராளிகள் மூன்று பேரின் கைக்கு நடுவே புகுந்துபோய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தபோது, முடிவெட்டும் கடைக்காரரே துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். எதிராளிகளும் சளைக்கவில்லை. கடைசிக் கால்மணி நேரத்தில் இரண்டே புள்ளிதான் வித்தியாசம், இவர்கள்தான் முன்னால்.

அப்போதுதான் நெட்டையனின் புருவம் பிளந்தது. மண்டியிட்டவனின் முகமெல்லாம் ரத்தம். அவள் கூடையிலிருந்து ஒரு துண்டு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மாஸ்டர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இரண்டாம் வரிசைக்கு ஒரே ஆள்தான் மிச்சம்.

அண்ணன் எழவில்லை. மைதானத்தின் நடுவே அவள் கணவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வேறு எங்கோ, கம்பங்களைப் பார்த்தபடி நின்றான். எங்கும் பார்க்காமல் இருப்பதற்கு அவன் அப்படித்தான் நிற்பான். அவள் கூடையின் கைப்பிடியை நெரித்தாள். போ அண்ணா. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் உட்கார்ந்தே விடுவான்.

அண்ணன் பத்தொன்பதுக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். மடித்து வைத்தான். பிறகு கோட்டைத் தாண்டி நடந்தான்.

ஸ்க்ரம் அவள் நின்ற ஓரத்துக்குப் பக்கத்திலேயே அமைந்தது, இவர்கள் கோட்டுக்குச் சில அடி முன்னால். முன்வரிசைப் பையன்கள் மூவரும் தோள் கோத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெரிய முதுகுகள் ஒன்றையொன்று பார்க்காமல் வந்து நின்றன. ஒரு கணம் நான்கு கைகளும் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. பிறகு அண்ணனின் வலக்கை அவள் கணவனைச் சுற்றிப் போயிற்று. அவனுடைய இடக்கை அண்ணனைச் சுற்றி வந்தது. இடுப்புத் துணியைக் கை கொத்தாக அள்ளுவதை அவள் பார்த்தாள். அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். அதன் தையலை எத்தனை முறை போட்டிருக்கிறாள்.

"குனி!" என்றார் நடுவர். பதினாறு பேரும் குனிந்தார்கள்.

"பிடி!"

"இறங்கு!"

பதினான்கு பேர் இறங்கினார்கள். அண்ணனும் அவள் கணவனும் அசையவில்லை. தலையைச் செருகி, கைகளைக் கோத்து, முழங்கால்களை மடித்து, முதுகு பலகைபோல் விறைத்து, இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். பையன்களின் பக்கத்தில் ஒருமுறையும் பிசகாத உடம்புகள், பழைய கை இடுப்பில் பட்டதும் பழைய கணக்குக்குப் போய்விட்டன. மூன்றாவது சொல்லுக்கு நிற்க வேண்டும். நாலாவது வரும். அதுவரை மூச்சைப் பிடித்திரு. பின்பலம் இல்லாத முன்வரிசை முறத்தில் புடைத்ததுபோல் பின்னால் பறந்தது. எதிராளிகள் அவர்கள் எல்லார்மேலும் ஏறிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்கள். கூட்டத்தில் ஒரு பெரிய "ஐயோ" எழுந்து அடங்கியது.

குவியலின் அடியில் அவர்கள் இருவரும் கிடந்தார்கள். கை இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கோடுதான் இருந்தது, அதனால் கேட்டது.

"இன்னொண்ணு சொல்லலையே மச்சான் அந்தாளு," என்றான் அவள் கணவன், வாயிலிருந்து புல்லைத் துப்பிக்கொண்டு.

அண்ணன் சேற்றிலிருந்து தலையைச் சற்றே தூக்கினான்.

"சொல்ல மாட்டானாம்டா," என்றான் அண்ணன். "எடுத்துட்டாங்களாம்."

"நீயும் நின்ன?"

"நீ நின்னேன்னு நின்னேன்."

"நான் நீ நின்னேன்னு நின்னேன்."

அண்ணனின் உதடு கோணியது. இந்த முறை அடக்க முடியவில்லை. சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முதுகு குலுங்கச் சிரித்தான். குருவிப் பொடியன், ஆள் அழுகிறார் என்று பயந்து, "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கத்தினான்.

ஆட்டம் கைவிட்டுப் போனது போனதுதான். அடுத்து வந்த ஸ்க்ரங்களில் மூன்றாவது சொல்லுக்கே எதிராளிகள் பின்னுக்கு நடந்தார்கள் என்றாலும் நேரம் போதவில்லை. சிரிக்க வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. விசிலுக்குப் பிறகு கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதில் அவளுக்கு அவர்கள் தெரியாமல் போனார்கள். கூட்டம் விலகியபோது, அண்ணன் தெருவைத் தாண்டித் தன் கடையைத் திறந்துகொண்டிருந்தான். கணவன் பையன்களோடு நின்றான். அவ்வளவுதானா என்று இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் கடைக்குத் திரும்பினாள். மற்ற வாடிக்கையாளர்கள் வராதபடி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூட்டையைப் பிரித்தாள். முதலில் ஐந்தை எடுத்தாள். வலப்பக்கத் தையல் அக்குள்வரை விட்டுப்போயிருந்தது. ஊசி நூலைத் தேடிய கை நின்றது. இருக்கட்டும் என்று அப்படியே இயந்திரத்தில் போட்டாள். ஒவ்வொன்றாக எல்லாம் போட்டாள். மூட்டையை உதறினாள். பத்தொன்பது இல்லை.

"எல்லாம் போட்டாச்சா?" என்றான் கணவன், உள்ளே நாற்காலியில் முழங்காலுக்கு ஐஸ் வைத்தபடி.

"ஒண்ணு குறையுது."

அவள் இயந்திரத்தின் வட்டக் கதவைச் சாத்தாமல் நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. யாரோ ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு கடந்தார்கள். பிறகு கனமான நடை ஒன்று வந்து, வாசலில் நின்றது.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு பூட்ஸ்கள் தெரிந்தன. காய்ந்தும் காயாத சேறு. அவிழ்க்காத நாடா.

"பாப்பா," என்றது குரல். "சட்டையைக் கொண்டாந்தேன். கீழ வழியா நீட்டவா?"

அவள் ஷட்டரைத் தூக்கப் போகவில்லை. "கை வேலையா இருக்கு அண்ணா. உள்ள வா."

"சேறா இருக்கேன்."

"சலவைக்கடை வாசல்ல நின்னு பேசுற பேச்சா இது?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. கணவன் எழுந்து நின்றிருந்தான். ஐஸ் பை தரையில் விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. இருவருமே அந்த பூட்ஸ்களைப் பார்த்தார்கள். அவை முன்னாலும் வரவில்லை, திரும்பவும் இல்லை. ஒன்றிலிருந்து ஒரு மண்கட்டி உதிர்ந்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் விழுந்தது.

பிறகு ஒரு பூட்ஸ் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது, அதற்கு மேலே டேப் சுற்றிய முழங்கால்கள் மெல்ல மடியத் தொடங்கின.