கஜானி கடைந்த சாஃப்ட்

மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிய பிறகு, கஜானி ஏறாவூர்ப் பக்கம் போகவேயில்லை. அங்கே ஹலீமின் இரும்புப் பட்டறையில், கடைசல் மெசினான லேத்தில் நின்றவள் அவள்தான். சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பி இரும்பைச் சீவிய கை இப்போது தண்ணீர்ச் செம்பைக்கூட உறுதியாகப் பிடிப்பதில்லை. பட்டறைக்குக் கொம்பியூட்டர் லேத் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது, இனித் தனக்கு அங்கே வேலையில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

ஹலீம் வீடு தேடி வந்தார்.

"புது மெசின் சும்மா கிடக்கு. நீ வா தங்கச்சி."

"என்ட கை ஏலாது காக்கா."

"அதுல சுத்துறதுக்குச் சக்கரமே இல்ல."

போனாள். கண்ணாடிக் கதவுக்குள்ளே மெசின் தானாகவே வெட்டியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பழைய லேத்தில் இரும்பு இணங்குவதும் முரண்டுவதும் உள்ளங்கையில் தெரியும். இதிலோ வெளியே நின்று பொத்தானை அழுத்துவதோடு சரி. ஆனாலும் அளவுகளைக் கட்டளைகளாக்கி இடக்கையால் பதியப் பழகினாள். சின்ன வேலைகள் ஓடின.

மாரி தொடங்கிய நேரம், வாவியில் ஆட்களை ஏற்றி இறக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகின் சாஃப்ட் முறிந்தது. என்ஜினையும் தண்ணீரைத் தள்ளும் விசிறியையும் இணைக்கும் அந்தத் தண்டு இல்லாமல் பாதை துறையிலேயே கிடந்தது. ஆசிரியர்களும் வயல்காரரும் மழையில் நெடுந்தூரம் சுற்றிப் போனார்கள். பாதையை ஓட்டும் தனோஜன் முறிந்த துண்டுகளைத் தோளில் சுமந்து வந்தான்.

"கொழும்பில இருந்து வரச் சுணங்குமாம் அக்கா. நீங்க செஞ்சு தருவீங்களா?"

"வெச்சிட்டுப் போங்க."

அவன் போனதும் ஹலீம் தயங்கினார். "இவ்வளவு நீளமானது இதுல ஓடினதில்லையே தங்கச்சி."

"ஓட்டிப் பாப்பம் காக்கா."

தேயாத இடங்களை அளந்து, தேய்ந்த இடங்கள் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கட்டளையைப் பதிந்தாள். மெசின் வெட்டத் தொடங்கியது. பாதி போனதும், மோட்டாரின் இரைச்சலுக்குள் மெல்லிய நடுக்கம் ஒன்று அவள் காதில் பட்டது. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

கதவைத் திறந்தால், தண்டின் நடுவில் காற்றடித்த வாவி போல நெளிநெளியாகக் கோடுகள். நல்லவேளை, வெட்ட இன்னும் தடிப்பு மிச்சமிருந்தது.

"நடுவில தாங்கல் இல்லாம வளையுது" என்றாள். ஹலீம் தாங்கலைத் தூக்கிவர, அதைப் பூட்டி, வேகத்தைக் குறைத்தாள். மறுபடி ஓடவிட்டு, மெசினின் உடம்பில் இடக்கையை வைத்தாள். அதிர்வு உள்ளங்கைக்குள் ஏறியது. ஒழுங்கான, ஆறுதலான அதிர்வு. கை வைக்க இதிலும் ஓர் இடம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

புதுத் தண்டில் பெயாரிங் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஹலீம் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

துறையில், கஜானியும் ஹலீமும் பாதையில் ஏறி நின்று பார்த்திருக்க, தனோஜன் சாஃப்டைப் பூட்டி முடித்து எழுந்தான். "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க அக்கா."

இடக்கையால் என்ஜின் கயிற்றை இழுத்தாள். என்ஜின் பிடித்தது. பாதை கரையை விட்டு நழுவி, மழைத் தூறலுக்குள் நேராக நடுவாவிக்குப் போனது. அக்கரையில் குடைகளோடு காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பாதை கரையில் முட்டியதும் அரிசி ஆலைக்காரர் ஒருவர் முதலில் ஏறி, ஹலீமிடம் கேட்டார்:

"ஆரு இதைக் கடைஞ்சது?"

"நான்தான்" என்றாள் கஜானி.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எங்கட மில்லிலயும் ஒண்டு முறிஞ்சு கிடக்கு பிள்ள."

"நாளைக்கே கொண்டு வாங்க" என்றாள்.