மஞ்சளாய்த் தெரிந்த சுவர்

சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்த தனலெட்சுமி, 1934-இல் விடுமுறைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த வீட்டுக்கு வந்தபோது, அப்பா பக்கிரிசாமி சோற்றைத் தொடாமல் படுத்துக் கிடந்தார். இருதயம் பலவீனம் என்று டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தில் முதலில் நன்றாகத் தேறியிருந்தார். கால் வீக்கம் வடிந்து நடமாடவும் தொடங்கியிருந்தார். இப்போது ஓயாத வாந்தி. நோய் முற்றிவிட்டதென்று பயந்த அம்மா வீரம்மா, ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்தைக் கொடுத்துவந்தாள்.

"காமாலை போலம்மா. சுண்ணாம்புச் சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியுது," என்றார் அப்பா.

தனலெட்சுமி அவர் கண்களை விரித்துப் பார்த்தாள். வெண்விழியில் மஞ்சளே இல்லை. நாடியோ மெதுவாக, நின்று நின்று அடித்தது. அந்தச் சொட்டு மருந்து டிஜிட்டாலிஸ்; அது உடம்பில் மிஞ்சிப்போனால் குமட்டும், நாடி தளரும், கண்ணில் மஞ்சள் படரும் என்று போன பரீட்சையில்தான் எழுதியிருந்தாள். அன்று அது வெறும் விடை.

மருந்தை நிறுத்தச் சொன்னாள். "டாக்டர் குடுத்தது. நீ இன்னும் படிச்சே முடிக்கலையே, தனம்," என்றாள் அம்மா. தனலெட்சுமிக்கும் அதே பயம்தான். கணிப்பு தவறினால், அவரை எழுப்பி நடக்கவைத்த மருந்தையே பறித்தவளாவாள். தனியாக முடிவெடுக்கத் துணியாமல், அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

வழியில் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதக் குடிச்சா மூச்சு லேசா வந்திச்சி. சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம்னு, அம்மா குடுத்தது போக நானும் ஊத்திக்கிட்டேன்."

டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அவள் சொன்னது சரிதான் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தை நிறுத்தினார்கள். வாந்தி நின்றது, சுவர்கள் வெள்ளையாயின. ஆனால் வீடு திரும்பிய சில நாளில் மறுபடி கால் வீங்கியது. அதே மருந்தைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

அம்மா புட்டியைத் தொட மறுத்தாள். தனலெட்சுமியே சொட்டுகளை அளந்து கொடுத்தாள். பிறகு அப்பாவின் மணிக்கட்டை விடாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் அவர் சுருட்டு கேட்குமளவுக்குத் தெளிந்தார். அந்த வாரமே வீக்கமும் வடிந்தது.

சிங்கப்பூருக்கு ரயிலேறப்போன மகளிடம் அம்மா கேட்டாள்: "அன்னிக்கு எப்படி அவ்வளவு தைரியமாக் குடுத்தே?"

"தைரியமா இல்லம்மா, பயந்துகிட்டேதான் குடுத்தேன்," என்றாள் தனலெட்சுமி. "நீயும் அப்படியே குடு."