தீர்த்தமலைக்குப் போன கைப்பிடி

மஸ்தான் பாய்க்கு மெஷின் பைத்தியம். தருமபுரியில் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பள்ளம் வெட்டிக் கார் கழுவிக்கொண்டிருந்த எண்பத்து நாலில், இவர் மட்டும் எண்ணெய் அழுத்தத்தில் காரை ஆள் உயரத்துக்குத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்ட் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். பட்டனை அழுத்தினால் கார் ஏறும். இறக்குவதற்கு, ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி வால்வை மெதுவாகத் திருக வேண்டும். எதிரே டீக்கடை போட்டிருந்த நான் அதை வேடிக்கை பார்த்தே பாதிப் பாலைப் பொங்க விட்டேன்.

வேடிக்கைக்கு ஊரே வந்தது, கார்தான் வரவில்லை. ஒற்றைத் தூண்மேல் அம்பாசடரா என்று டாக்சி ஸ்டாண்டில் சிரித்தார்கள். ஸ்டாண்டில் மாதையன் வைத்ததுதான் சட்டம். அவர் கார் ஏறாவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று மஸ்தான் என்னிடம் வந்து புலம்புவார். எனக்கே பாவமாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, மஸ்தானின் மாமியார் ரோஷன் பீ பாலக்கோட்டுக்குத் திரும்புவதற்காக மாதையனின் டாக்சி வந்தது. மஸ்தான் விடவில்லை. ஒரே ஒரு தடவை தூக்கிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினார்.

"உங்க வூட்டு ஆளு ஒருத்தரு உள்ள உக்காரட்டும் பாய், அப்பறம் பாக்கலாம்" என்றார் மாதையன்.

ரோஷன் பீ ஏற்கெனவே பெட்டியோடு பின் சீட்டில்தான் இருந்தார். மருமகன் செய்கிற எதையும் ஒப்புக்கொள்ளாத அம்மாள். "தூக்குங்க மாப்பிள்ளை. வுளுந்தா எம் பொண்ணுக்கு இந்த ஷெட்டுத் தொல்லையாவது வுடும்" என்றார். சொன்ன வாக்கை மாதையனால் விழுங்க முடியவில்லை.

கார் ஏறியது. கூட்டம் கைதட்டியது. மஸ்தான் இறக்கப் போனார். மாட்டியிருந்த ஆணியில் கைப்பிடி இல்லை.

ஷெட்டின் மெக்கானிக் கருப்பண்ணனுக்கு அன்று லீவு. அவன் மனைவி தீர்த்தம்மாளைக் கூட்டிவந்து கேட்டோம்.

"மொதப் பூஜைங்க, சாமிகிட்ட காட்டோணும்னாரு. மெஷினத் தூக்கிட்டுப் போவ முடியுங்களா? அதான் புடிய மட்டும் தீர்த்தமலைக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, தீர்த்தத்துல முக்கியெடுக்க."

வேறு எதையாவது போட்டுத் திருகினால் எண்ணெயும் மொத்தமாக இறங்கும், காரும் மொத்தமாக இறங்கும் என்று கம்பெனி ஆள் எச்சரித்திருந்தான். ஏணி வைத்தோம். முட்டிவலிக்காரரான ரோஷன் பீ ஏணியைப் பார்த்ததும் கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருப்பண்ணன் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் வருவான்.

அம்மாள் அங்கேயே குடித்தனம் நடத்தினார். தொரட்டிக் கம்பில் தூக்குப்போசி மாட்டி நான் டீ அனுப்பினேன். சர்க்கரை போதாது என்று திரும்பி வந்தது. மேலிருந்து பார்த்ததில் ஷெட்டின் ஒட்டடை முழுக்க அம்மாள் கண்ணில் பட்டுவிட, மஸ்தான் துடைப்பத்தோடு அலைந்தார்.

மத்தியானம் கரண்ட் போனது. கார் விழுந்துவிடும் என்று கூட்டம் பின்வாங்கியது. மஸ்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கார் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் கருப்பண்ணன் குங்குமம் பூசிய கைப்பிடியோடு வந்து திருகினான். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுப்பதுபோல அத்தனை பதமாகக் கார் இறங்கியது. திட்டு வாங்கத் தயாராக மஸ்தான் தலைகுனிந்து நின்றார்.

ரோஷன் பீ தூணைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் நிக்குது, மாப்பிள்ளை."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. மஸ்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூஜை முடிந்ததும் டாக்சிகள் வரிசை கட்டின. மாதையன் மட்டும் புதுச் சட்டம் ஒன்று போட்டிருந்தார்.

"எல்லா வண்டியும் ஏறும் பாய். ஆனா மொதல்ல உங்க மாமியாரு ஏறோணும்."

பாலக்கோட்டுக்குப் போக வேண்டிய பெட்டி மறுபடி வீட்டுக்குள் போனது. அன்றிலிருந்து தினமும் முதல் காரில் ரோஷன் பீ வெற்றிலைப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தார். கைப்பிடி அதன்பிறகு ஆணியில் தொங்கவில்லை. அவர் மடியில் இருந்தது. இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றும்போதுதான் ஜன்னல் வழியாக அதை நீட்டுவார்.