முதல் இடுப்பெலும்பு

நாரின் மலையூரில் விருந்துக் கறி பங்கிட ஜுமாகாதிரை விட்டால் ஆள் கிடையாது. ஆட்டின் எந்த எலும்பு எந்த வயதுக்கு, எந்த உறவுக்கு என்பதில் அவர் ஒருதடவைகூடச் சறுக்கியதில்லை. மூண்ட சண்டைகூட அவர் வைத்த தட்டைப் பார்த்து அடங்கிவிடும் என்பார்கள். சொல்வது பெரும்பாலும் அவரேதான்.

ஐம்பது தாண்டியதும் கிட்டத்தில் இருப்பது மங்கியது. கைபேசியைப் படிக்கக் கை நீளம் போதவில்லை. அவர் நீட்டிப் பிடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரரே படித்துவிட்டுப் பதிலும் சொல்லிவிடுவார்.

கண்ணாடி போடலாம். ஆனால் கறிக்கொப்பரையின் ஆவி பட்டதும் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். அந்த நொடியில் தட்டைப் பிடுங்கிக்கொள்ளத்தான் சித்தப்பா மகன் எமில்பெக் வருஷக்கணக்காகக் கொப்பரைப் பக்கமே காத்து நிற்கிறான். ஆகவே ஜுமாகாதிர் தலைநகர் பிஷ்கெக் போய், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே வில்லையாக, கண்ணுக்குள்ளேயே ஒட்டவைக்கும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வாங்கி வந்தார்.

"மூளை பழகணும், பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்பினாள் கண் டாக்டர்.

மூளை பழகவில்லை. காலையில் லென்ஸ் போட உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். ஒன்று தேநீர்க் கிண்ணத்தில் விழுந்தது. ஒன்று முழங்கையில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. கிட்டத்தில் எழுத்துக்கு நிழல் விழுந்தது. தூரத்தில் குதிரைக்கு எட்டுக் கால். சாயங்காலமானால் ஒவ்வொரு விளக்கும் குட்டி போட்டது.

"என்னங்க, பசுமாட்டப் பாத்து சலாம் சொல்றீங்களே! பேசாம கண்ணாடியே போட்டுத் தொலைங்க" என்றாள் மனைவி குல்சுன்.

"கண்ணாடி போட்டா எமில்பெக்குக்குக் கொண்டாட்டம்டி."

"போடலேன்னா ஊருக்கே கொண்டாட்டம்."

இந்த நிலையில்தான் அண்ணன் மகளின் நிச்சய விருந்து வந்தது. தலாஸிலிருந்து சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். கம்பளிக் கூடாரத்துக்குள் அரையிருட்டு. வாசலுக்கு எதிரே, மரியாதை இடத்தில், மூத்த சம்பந்தி சாதிபால்டியும் அவர் தம்பி கெரிம்பாயும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வெள்ளைத் தொப்பி, ஒரே வெள்ளைத் தாடி. மூத்தவருக்கு மூக்கில் மரு உண்டு. அதுதான் ஜுமாகாதிருக்கு அடையாளம்.

எலும்புகளில் சிக்கல் இல்லை. தட்டில் கை வைத்ததுமே, மூத்த சம்பந்திக்கு முதலில் வைக்கவேண்டிய இடுப்பெலும்பை விரல்கள் கண்டுபிடித்துவிட்டன. நிமிர்ந்து பார்த்தார். இரண்டு சம்பந்திகளுக்கும் சேர்த்து நாலு தலை. மரு தம்பி மூக்குக்கும் தாவியிருந்தது. கண்ணைச் சுருக்கினார், விரித்தார், இமையைக் கொட்டினார். மரு இன்னும் இரண்டு பெருகியது.

ஒரு வேகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். தம்பிக்கு.

ஆட்டுக்கு இரண்டு இடுப்பெலும்பு உண்டுதான். ஆனால் முதலில் வருவது ஒன்றுதானே?

கெரிம்பாய் லபக்கென்று ஒரு கடி கடித்துவிட்டார்.

"டேய், வைடா அத!" என்றார் சாதிபால்டி.

"மாட்டேன். பொறந்ததுலேர்ந்து நீ தின்னுறத வேடிக்கதான் பாத்தேன். இன்னிக்கு நீ பாரு."

"எங்களக் கூப்பிட்டு அவமானப்படுத்துறீங்களா? வண்டியக் கெளப்புங்கடா!" சாதிபால்டி எழ, தலாஸ்காரர்கள் மொத்தப்பேரும் எழுந்தார்கள். பெண்ணைப் பெற்ற ஜுமாகாதிரின் அண்ணன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்பால் மணப்பெண் விசும்பும் சத்தம்.

இனி மறைத்து என்ன? "அய்யா, அவமானம் இல்ல! என் கண்ணு சரியில்ல!" என்று கத்தினார் ஜுமாகாதிர். கையலம்ப வைத்திருந்த தண்ணீரில் கையை நனைத்தார்; கொழுப்பு போனால்தானே? அதே விரலைக் கண்ணில் விட்டு லென்ஸைப் பிடுங்கினார். எரிச்சலில் கண்ணீர் நாரின் ஆறாகப் பெருகி ஓடியது.

சாதிபால்டி அதைப் பார்த்து உருகிப்போனார். "ஒரு எலும்புக்குப் போய் இப்படி அழுவாங்களாப்பா? என்ன இது, மீன் செதிலா?"

"லென்ஸ், அய்யா. கிட்டயும் தெரியும், தூரமும் தெரியும்னாங்க."

"தெரியுதா?"

"ரெண்டும் தெரியல."

"அப்ப எதுக்குப்பா போட்ட?"

"கெழவனாயிட்டேன்னு தட்டைப் பிடுங்கிருவாங்களேன்னுதான்."

கூடாரமே சிரித்ததில் கம்பளி இரண்டு முழம் மேலே போய் இறங்கியது. சாதிபால்டி உட்கார்ந்தார். "மறுபடியும் மொதல்லேர்ந்து பங்கிடு. நீதான் பங்கிடணும்."

ஜுமாகாதிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஆளுக்கு ஒரே தலை. மரு ஒன்றே ஒன்று, அதற்குரிய மூக்கில். தூரத்தில் பார்ப்பது என்றைக்கும் கெட்டதே இல்லை. கிட்டத்து எலும்புக்கோ விரல் இருக்கிறது. இத்தனை நாள் பட்ட பாடு எதற்கு? தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. கெரிம்பாயிடமிருந்து எலும்பை வாங்கி, குனிந்து, மூத்தவர் முன் வைத்தார்.

சாதிபால்டி அதைத் திருப்பிப் பார்த்தார். "யப்பா, இதுல என் தம்பியோட பல்லு பதிஞ்சிருக்கே, தெரியலயா?"

ஜுமாகாதிர் எலும்பை வாங்கிக் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். தோள் கழலும் மட்டும் நீட்டினார். ஒரு மண்ணும் தெரியவில்லை.

வாசலில் எமில்பெக் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பற்கள் மட்டும் ஒன்று விடாமல் பளிச்சென்று தெரிந்தன.