கன்னத்தில் வெட்டிய வாய்க்கால்

மாரிக்கண்ணுவின் இடது கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டிக் கறுப்பாய் ஒன்று முளைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. முதலில் மிளகளவுதான் இருந்தது. மரு என்று நினைத்துக் கோயிலில் உப்பும் மிளகும் போட்டாள். உதிரவில்லை. மறுவருஷமும் போட்டாள். இந்த ஐப்பசியில் அதன் நடுவே குழி விழுந்து, துண்டு பட்டாலே ரத்தம் கசிந்தது. அதற்குப் பிறகு மகள் இசக்கிப்பிரியா பொறுக்கவில்லை. இழுக்காத குறையாக ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏற்றினாள்.

பாளையங்கோட்டை வரும்வரைக்கும் ஏச்சுதான்.

"உப்பு கரைஞ்சா மரு கரையும்னு எவ சொன்னா? நாலு வருஷம்! உனக்கெல்லாம் புத்தியே வராதா?"

"ஏட்டி, பஸ்ஸுல அத்தன பேரும் பாக்காவ. எறங்கி ஏசு."

தோல் டாக்டர் கரோலின் பஞ்சால் ரத்தத்தை ஒற்றிவிட்டு, "பழைய படம் ஏதாவது இருக்கா? எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்கணும்" என்றார்.

பிரியா தன் பட்டமளிப்புப் படத்தை செல்போனில் நீட்டினாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம். கறுப்பு அங்கியில் மகள், பக்கத்தில் அம்மா.

"மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. இதுல ஒண்ணும்..."

படத்தில் அம்மாவின் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. 'அந்தக் கருப்ப எடுத்திருங்க அண்ணாச்சி' என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னது பிரியாவேதான். தேடித் தேடி, கை வைக்காத படத்தை எடுத்தாள். பாசிப்பயறு அளவில், மினுமினுவென்று அது இருந்தது.

"நான்தான் அழிக்கச் சொன்னேன், டாக்டர்."

மாரிக்கண்ணு சிரித்துவிட்டாள். "நான் உப்பப் போட்டு எடுக்கப் பாத்தேன். இவ படத்துலயே எடுத்துட்டா. பஸ்ஸுல என்னா பேச்சு பேசுனா தெரியுமா டாக்டரம்மா!"

பிரியா செல்போனைப் பைக்குள் போட்டாள்.

டாக்டர் மாரிக்கண்ணுவின் ஜாக்கெட் கையைச் சற்றே மேலே ஏற்றினார். துணி மூடியே கிடந்த அந்த இடம் வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. முகமோ தடித்து, ஆழமாய்க் கோடு விழுந்து, திட்டுத் திட்டாய்க் கருத்திருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே வயசுதான். அம்பத்திரண்டு. முகத்துக்கு மட்டும் வெயில் கணக்கில்லாம பட்டிருக்கு."

"முக்காடு போட்டுத்தானே நாத்து நடுவேன்?"

"மேல இருந்து வாரதுக்கு முக்காடு சரி. குனிஞ்சு நிக்கும்போது வயல் தண்ணியில பட்டுத் திரும்பி வருமே, அதுக்கு?"

பிரியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒளி பட்டுத் திரும்புவதைப் பற்றிக் கல்லூரிப் பரீட்சையில் அவள் பக்கம் பக்கமாய் எழுதி மார்க் வாங்கியவள். அது தன் அம்மா முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தைந்து வருஷத்து உச்சிவெயில் அத்தனையையும், ஒரு நாளைக்கூட விடாமல், அந்தத் தோல் வாங்கி வைத்திருக்கிறது.

"இது புற்றுநோய்தான்னு நெனைக்கேன்" என்றார் டாக்டர். "துளி எடுத்துச் சோதிச்சா உறுதியாயிரும். பைய வளருத வகை, உயிருக்கு ஆபத்தாவுறது ரொம்ப அபூர்வம். ஆனா பக்கத்துல உள்ளதத் தின்னுக்கிட்டே போகும். இமைக்கு இன்னும் ஒரு நெல்லு தூரந்தான் இருக்கு. இப்பவே எடுத்தா கண்ணு தப்பும்."

"இந்தப் பிசானப் போகத்து நெல்லு நடவு முடியட்டும், டாக்டரம்மா. பதினாறு பொம்பளையள நான்தான் கூட்டிட்டுப் போவுதேன். தை பொறந்ததும் வாரேன்."

பிரியா வாயைத் திறந்தாள். டாக்டர் கையமர்த்திவிட்டு, விரல் நீளக் கருவி ஒன்றை மாரிக்கண்ணுவின் கன்னத்தில் வைத்தார். சுவரிலிருந்த திரையில் அந்தக் கறுப்பு பல மடங்கு பெரிசாய்த் தெரிந்தது.

நீலச்சாம்பல் உருண்டைகள் கூழாங்கல் போலக் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் செக்கச்செவேலென்று ஒரு ரத்த நரம்பு ஓடியது. அது இரண்டாய்ப் பிரிந்தது, நாலாய்ப் பிரிந்தது, மயிரிழை மயிரிழையாய் மூலைக்கு மூலை பரவியது. பயங்கரமாகவும் இருந்தது, கண்ணை எடுக்க முடியாத அழகாகவும் இருந்தது.

"இது... நம்ம வாய்க்காலுல்லா" என்றாள் மாரிக்கண்ணு. "யாரு வெட்டுனது?"

"அந்தக் கட்டியேதான். அது வளர ரத்தம் வேணும்லா?" என்ற டாக்டர், படத்தைத் திரையில் அப்படியே நிறுத்திவைத்துக் கருவியை எடுத்தார்.

மாரிக்கண்ணு எழுந்து திரைப்பக்கம் போனாள். அணைக்கட்டுத் தண்ணீர் பிரிந்து பிரிந்து கடைசி வயல்வரை போவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவள். நரம்பை விரலாலேயே தொடர்ந்து போனாள். "பெரிய மடை. இது கெளை. இங்கன கசிவு... என் ரத்தத்தப் பாய்ச்சி நாலு போகம் எடுத்திருக்கே, சண்டாளி!" விரல் நின்றது. "தை வரைக்கும் விட்டா எங்க போய் நிக்கும்?"

"இமை ஓரத்துல."

"அப்ப அடைச்சிருங்க. பதினாறு பேருக்கும் நான் இல்லாம நடத் தெரியும்."

சோதனை முடிவும் அதையேதான் சொன்னது. மறுவாரம் அதைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளத்தை மூடக் கன்னத்துத் தோலையே பைய நகர்த்தித் தைத்தார்கள். எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று தாள் வந்தது. பத்தாம் நாள், கண்ணையும் சேர்த்து மூடியிருந்த கட்டைப் பிரித்ததும் டாக்டர் பிரியாவின் விரலைப் பிடித்து அந்தப் புதுத்தோலில் மெல்ல அழுத்தினார். வெளுத்தது. எடுத்தவுடன் ரத்தம் ஓடிவந்து சிவந்தது. பிரியாவுக்கு நம்ப முடியவில்லை. பத்து நாளைக்கு முன்னால் தாடைப்பக்கம் இருந்த தோல், இங்கே வந்து உயிரோடு இருக்கிறது. மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும்.

மாரிக்கண்ணுவின் இடது இமை துடித்தது. பூளை தள்ளிய கண் பாதி திறந்தது, மூடிக்கொண்டது, பிறகு முழுசாய்த் திறந்தது.

"போதும், வெரல எடுட்டி," என்றாள். "ஏன் மொகமெல்லாம் கண்ணீரா நிக்க?"