நாயகிக்கு வயது இருபத்துநான்கு

இதுவரை முப்பத்தொரு காதல் நாவல்கள் எழுதியிருக்கிறேன். எந்த நாயகிக்கும் இருபத்தைந்து தாண்டியதில்லை. ஒருத்திக்கும் முகத்தில் பரு வராது, தூங்கி எழுந்தாலும் கூந்தல் கலையாது. எழுதிய எனக்கோ ஐம்பத்தொன்று. ஒரே ஒரு புத்தகத்திலாவது என் வயதுப் பெண்ணை ஒருவன் ஆசையாகப் பார்க்க மாட்டானா என்று எனக்கு ஏக்கம்.

முப்பத்திரண்டாவது நாவலில் துணிந்துவிட்டேன். நாயகிக்கு நாற்பத்தெட்டு. மாடி ஏறினால் முட்டி வலிக்கும். கடிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பாள். அவள் திரும்பத் திரும்ப வரட்டும் என்றே கடிகாரக் கடைக்காரர் அவள் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் இழுத்தடிப்பார்.

பதிப்பாளர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். எப்போதும் அவ்வளவுதான் படிப்பார். பளபளவென்று ஒரு சின்னப் பெண்ணை அட்டைக்கு வரைந்தாகிவிட்டதாம். வயதை இருபத்துநான்காக்காவிட்டால் புத்தகமே வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வந்த கோபத்தில் வயதை மட்டும் மாற்றினேன், வேறு ஓர் எழுத்தைத் தொடவில்லை. இருபத்துநான்கு வயதுக்காரி முட்டியைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வயதில் இருக்கும் மகளைத் திட்டியபடியே மாடி ஏறினாள். படிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் அவளை நானே கைவிட்டதுபோல் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுவாரம், பதிப்பகத்தில் பிழை திருத்துபவர் போனில் அழைத்தார். என் முப்பத்தொரு புத்தகங்களின் மானத்தையும் காப்பாற்றிய கறார் மனிதர். நாயகி விஷயத்தில் இருபத்தேழு இடங்கள் உதைக்கின்றனவாம்.

"இருபத்தேழு இடத்தையும் மாத்துறதுக்குப் பதிலா, வயசை மட்டும் நாப்பத்தெட்டுன்னு திருத்திட்டேங்க."

நான் முதலில் எழுதிய வயதையே எப்படிப் பிடித்தார் என்று வியந்தேன். தன் மனைவிக்கு அதே வயதுதான் என்றார். பக்கங்கள் தயார், அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

பதிப்பாளருக்குத் தெரிந்தால் எனக்கு அடுத்த புத்தகம் கிடையாது, பிழை திருத்துபவருக்கு வேலை கிடையாது. உங்களுக்கு ஏன் இந்த வம்பு என்று கேட்டேன்.

"அந்தக் கடைக்காரர் அவங்களைப் பார்க்குற இடத்தைப் படிச்சேங்க. என் வீட்டுக்காரியை நான் அப்படிப் பார்த்து எத்தனை வருஷமாச்சுன்னு தோணுச்சு. நேத்து வேலையைப் பாதியில விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."



"அனுப்பிடுங்க" என்றேன்.